காப்பு அவிழ்க்கும் வரை

செவ்வாய், ஏப்ரல் 8

காலையிலேயே வெயில். வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. இன்று சாயங்காலம் தெருவுக்குக் காப்புக் கட்டு.

செய்தவை: வாசல் கழுவியது. நிலையில் வேப்பிலை கட்டியது (எட்டாமல், தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து மேலே ஏறி). அப்பாவுக்கு உடம்பு துடைத்து விரிப்பு மாற்றியது. ஆபீசுக்கு லீவு சொன்னது. ஆடிட்டர் சார் "மறுபடியுமா?" என்றார். மார்ச் கணக்கு முடிக்கிற நேரம். அவர் மேல் தப்பில்லை.

அப்பா மஞ்சளாக இருக்கிறார். கண், நகம், உள்ளங்கால். வயிறு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் எலும்பு. ஈரல் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்து அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். வீட்டில் வேறு யாருக்கு இங்கிலீஷ் தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டு அதை மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

கட்டில் முன்னறையில், ஜன்னலோரம். வேடசந்தூர் மில் பஸ் ஓட்டியவர். ரோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அமைதியாகப் படுத்திருக்கிறார்.

மத்தியானம் முருகேசன் மாமா வந்தார். கமிட்டித் தலைவர். சொந்தமில்லை, சின்னவர்கள் எல்லோருக்கும் மாமா, அம்மாவுக்கு அண்ணன். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"தாயி, தப்பா எடுத்துக்கப்படாது. சாயங்காலம் காப்பு விழுந்துட்டா அடுத்த புதன் வரைக்கும் யாரும் தெருவ விட்டுப் போயித் தங்க முடியாது. ஒனக்குத் தெரியாததில்ல."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வருசம் காப்புக்கு மறுநாளே சாவு விழுந்து திருவிழா நின்னு போச்சு. இந்த வருசமும் நின்னா அம்புட்டுத்தான். நேத்திக்கடன் வச்சிருக்க பொம்பளைக எல்லாம் பயந்து கெடக்குதுக. ஆத்தூர்ல மாப்ளயோட அண்ணன் வீடு இருக்குல்ல? காப்பு அவுக்குற வரைக்கும் அங்கன இருக்கட்டும். வண்டி நான் சொல்லிவிடுறேன்."

"அவருக்காகத்தாண்ணே இந்த வருசம் முளைப்பாரி போடுறேன். அவர வெளிய அனுப்பிட்டு யாருக்குப் போட?"

"அது சரி தாயி. ஆனா எதும் ஒண்ணு..."

"எதும் ஆகாது. என் வீட்டுல சாவு விழாது."

"சொல்லு குடுக்குறியா?"

"குடுக்குறேன்."

நான் மோர்த் தம்ளரோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா குடிக்காமலே போய்விட்டார். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் வாய் திறந்திருக்கும்.

சாயங்காலம் மேளம். முருகேசன் மாமா கையில் பூசாரி காப்புக் கட்டினார். அம்மா நவதானியத்தை ஊறவைத்து எடுத்துக்கொண்டு முருகேசன் மாமா வீட்டுப் பின்னறைக்குப் போனாள். எல்லாருடைய பாரிச் சட்டியும் அங்கேதான் வளரும், ஜன்னலில் சாக்குக் கட்டி, வெளிச்சம் படாமல்.

எதிர் வீட்டு பிலோமினா அக்கா (இனி பி.அக்கா) இட்லி கொண்டுவந்து கொடுத்தது. "எங்களுக்குக் காப்புக் கெடையாதுடி. நான் எங்கயும் போவேன், எங்கயும் வருவேன். எதுனாலும் ஒரு சத்தம் குடு."

கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். வாய் சரியாக எங்கள் ஜன்னலைப் பார்த்து.

வியாழன், ஏப்ரல் 10

தெருவில் கூடாதவை: தாளிக்கக் கூடாது. கறி மீன் கூடாது. முடி வெட்டக் கூடாது. வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. கடைசியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் தெருவில் நடந்தால்.

தண்ணீர்க் குழாயடியில்:

"அந்த வீட்ட நெனச்சாத்தான் பக்குன்னு இருக்கு."

"அதான் சொல்லு குடுத்துருக்குல்ல அந்தம்மா."

"ஆமா, எமன் இவ சொல்லக் கேட்டுக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருப்பான். போடி இவளே."

சிரிப்பு. நான் குடத்தோடு பின்னால் நிற்பதைப் பார்த்ததும் என் கோலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். புள்ளி வரிசை நன்றாக இருந்ததாம். நான் இன்று கோலமே போடவில்லை. அம்மா போட்டது.

பக்கத்து வீட்டு ஜோதி அக்கா காலையும் மாலையும் ஜன்னலுக்கு வருகிறது. "அண்ணன் எப்படி இருக்காரு?" கேட்பது என்னிடம், பார்ப்பது அப்பாவின் நெஞ்சை. ஏறி இறங்குகிறதா என்று. இன்று எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டது.

"கோச்சுக்காத சித்ரா. எம் மகனுக்கு நெஞ்சக் கிழிச்சுத் தச்சிருக்காங்க. தீச்சட்டி எடுக்குறேன்னு வேண்டித்தான் ஆப்ரேசனுக்கே அனுப்புனேன். போன வருசமே எடுக்க முடியல. இந்த வருசமும் எடுக்கலைன்னா எனக்குப் பயமா இருக்குடி."

அழுதது. ஜன்னலைச் சாத்தவில்லை. அதற்கப்புறம் கோபப்படவும் முடியவில்லை. அது வேறு எரிச்சல்.

மின்விசிறி டக் டக் என்கிறது. எண்ணெய் விடணும்.

ஞாயிறு, ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. பி.அக்கா கோயிலிலிருந்து ஓலைச் சிலுவை கொண்டுவந்து எங்கள் நிலையில் வேப்பிலைக்குப் பக்கத்தில் செருகியது. அம்மா பார்த்தாள், எடுக்கவில்லை. "எந்தச் சாமியாச்சும்" என்றாள்.

அப்பா கஞ்சி இரண்டு கரண்டி. பிறகு வாந்தி. கறுப்பாக.

குழாயில் பாட்டு விடாமல். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப. அப்பா கையை மட்டும் லேசாக ஆட்டினார், ஈ ஓட்டுவது போல. மைக் செட் பையனிடம் போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். இது ஒரு பட்டம் வாங்கியவள் செய்கிற காரியமா. அம்மா போய்ச் சொன்னாள். கொஞ்ச நேரம் குறைத்தார்கள்.

மதியம் அம்மா கும்மிக்குப் போயிருந்தபோது அப்பா தெளிவாகப் பேசினார். ரொம்ப நாளைக்கப்புறம்.

"காப்பு என்னைக்கு அவுக்குறாங்க?"

"புதன்கிழமப்பா."

விரலை மடக்கி எண்ணினார்.

"டீசல் தீரப்போகுதுன்னு தெரிஞ்சா நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கிட்டே வருவேன். எப்படியும் பெட்ரோல் பங்குக்கு வந்து சேந்துரும். பாத்துக்குருவோம்."

காலைப் பிடித்துவிட்டேன். அழுத்தின இடம் குழியாகவே நின்றது.

அம்மா கும்மியிலிருந்து சிரித்த முகமாக வந்தாள். அவளுடைய பாரிதான் உயரமாம். நேராக, வெளிர் மஞ்சளாக, கோணாமல். "ஒம் வீட்டுக்காரரு எந்திரிச்சு ஒக்காந்துருவாரு பாரு" என்று எல்லாரும் சொன்னார்களாம். அதை அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார்.

திங்கள், ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ரசம், தாளிக்காமல். யாரும் குடிக்கவில்லை.

சீரியல் செட் லைட் தெரு முழுக்கக் கட்டியாகிவிட்டது. பகலிலேயே எரியவிட்டுப் பார்க்கிறார்கள். அப்பா முகத்தில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி.

பெரியப்பா ஆத்தூரிலிருந்து போன் செய்தார். வருகிறேன் என்றார். காப்பு நேரத்தில் வந்து ஒரு ராத்திரி தங்கினால் புதன் வரை திரும்பிப் போக முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "இப்ப எப்படி இருக்கான்?" "நல்லா இருக்காரு." நல்லா இருக்காரு என்கிற வார்த்தையை இந்த வாரம் எத்தனை பேரிடம் சொன்னாள்.

மூச்சில் ஒரு சத்தம் வந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா தெரியவில்லை.

செவ்வாய், ஏப்ரல் 15

எழுதக் கூடாது. ஆனால் வேறு எங்கே வைப்பது.

இன்று தெருப் பொங்கல். வாசலுக்கு வாசல் அடுப்பு, ஒரே வரிசையாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. புகை. அம்மா வெளியே பானைக்கு முன்னால். நான் உள்ளே அப்பாவோடு.

யார் பானையோ முதலில் பொங்கியது. குலவை. பிறகு அடுத்த பானை, அடுத்த குலவை. எங்கள் வாசல் வரை வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் குலவை எனக்குத் தெரியும், கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும். அது கேட்டது. அப்பா ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

வாசலுக்குப் போனேன். கூப்பிடவில்லை. அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். களைந்த அரிசியைப் பானையில் போட்டாள். கிண்டினாள். கரண்டியை ஜோதி அக்காவிடம் கொடுத்தாள்.

"செத்த நேரம் பாத்துக்க. அவருக்கு மருந்து குடுத்துட்டு வாரேன்."

உள்ளே வந்தாள். பாதத்தைத் தொட்டாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்தோ சத்தம் கிளம்பியது. வந்து என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் வெல்லமும் புகையும்.

"அழுகாத. சொல்லு குடுத்துருக்கேன்."

"அம்மா..."

"நாளைக்குப் பாரி போயிட்டு வந்துரட்டும். ஒரு நாளு. ஜோதி தீச்சட்டி எடுத்துரட்டும். நம்மளால நின்னுச்சுன்னு வேணாம்."

முகம் கழுவினாள். போய்ப் பொங்கலை இறக்கினாள். வெளியே அவள் குரல்: "வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

பி.அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா வாங்க" என்று மட்டும். வந்தது, பார்த்தது, சிலுவை போட்டுக்கொண்டது. அப்பாவின் கண்ணை மூடிவிட்டது. தாடையைக் கட்டி, மேலே துண்டைச் சுற்றியது, குளிருக்குக் கட்டின மாதிரி. காலைச் சேர்த்துக் கட்டிப் போர்வை.

"இந்த வெயிலுக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. ஐஸு வேணும்."

அதன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனுக்கு ஜூஸ் கடை. தெருமுனை நீர்மோர்ப் பந்தலுக்கு ஐஸ் பார் அவர்தான் போடுகிறார். அதே சாக்கில் கூட இரண்டு பார், பின் வாசல் வழியாக. சுத்தியலால் உடைத்தோம். மேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பாலிதீன் பையில் போட்டு இரண்டு பக்கமும். கட்டிலுக்கு அடியில் பேசின்.

"எல்லாரும் கேட்டா தூங்குறாருன்னு சொல்லு. நானும் சொல்றேன்."

"உங்களுக்குப் பாவமில்லையாக்கா?"

"பாவந்தான். பெரிய வியாழனுக்கு முன்னாடி எப்படியும் சாமியாருட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். இதயும் சேத்துச் சொல்லிட்டுப் போறேன்."

சாயங்காலம் முருகேசன் மாமா கமிட்டி ஆட்களோடு வீடு வீடாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் படிக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலடிப் பேசின் நிரம்பி வழிந்து, நிலையைத் தாண்டி, படியிறங்கி. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் குனிந்து விரலை வைத்தார். சில்லென்று இருந்திருக்கும்.

மற்றவர்களைப் பார்த்து, "நீங்க அடுத்த வீட்டுக்கு நடங்கப்பா" என்றார்.

"மாப்ள?"

"தூங்குறாருண்ணே" என்றாள் அம்மா.

"எம்புட்டு நேரமா?"

"பொங்கல் வச்சதுலருந்து."

மாமா செருப்பைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். உள்ளே வரவில்லை. வந்தால் தீட்டு, அவர் கையில் காப்பு இருக்கிறது. திருநீறை என் கையில் கொடுத்தார், அம்மா கையில் கொடுக்கவில்லை.

"தூங்கட்டும். யாரும் எழுப்ப வேணாம். நாளைக்குப் பாரியக் கரைச்ச கையோட காப்பு அவுத்துருவோம்."

அப்புறம் மைக் செட் பையனிடம் அவர் கத்துவது கேட்டது. "ஏலே, அந்தக் குழாய அங்கிட்டுத் திருப்புடா. எத்தன நாளாச் சொல்றேன்." ஒரு நாளும் சொன்னதில்லை.

அம்மா ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

புதன், ஏப்ரல் 16

நேற்றைவிட வெயில். மறுபடியும் ஐஸ். சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தேன். தெரு முழுக்க வேப்பிலை, சாம்பிராணி, மஞ்சள் வாசம்தான். எங்கள் வீட்டு வாசம் தனியாகத் தெரியாது. தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அம்மா தலைக்குக் குளித்தாள். மஞ்சள் சேலை. பூ வைத்துக்கொள்ளக் கை போனது, நின்றது, பிறகு வைத்துக்கொண்டாள்.

"நீ போக வேணாம்மா. கால் பிசகிருச்சுன்னு சொல்லிருவோம்."

"என் பாரிய வேற யாரு தூக்குவா?"

"தீட்டும்மா."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறது. அதனால்தான் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே, "தெரியும். பண்ணுற குத்தம் எனக்கே வரட்டும். தெருவுக்கு வேணாம்" என்றாள்.

வாசலில் ஜோதி அக்கா மஞ்சளில் முக்கின சேலையோடு, தீச்சட்டிக்குத் தயாராக. மகனையும் கூட்டி வந்திருந்தது. குங்குமச் சிமிழை நீட்டி, அம்மா நெற்றியில் பெரிதாக வைத்துவிட்டது. வகிட்டிலும். "நல்லா இருப்பீங்க மதினி" என்றது. என்னைப் பார்க்கவில்லை. இன்று ஜன்னலுக்கும் வரவில்லை.

எல்லாரும் போனபிறகு நான் மட்டும். கதவைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று பி.அக்கா பாதி திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம். ஜன்னல் பக்கம் யாரோ நின்ற மாதிரி இருந்தது. பயந்துபோய், "அப்பா, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்றேன் சத்தமாக.

பிறகு நிறுத்தினால் தப்பாகிவிடும் என்று தோன்றியது. பேசினேன்.

வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா. ஜன்னல சாத்தவா? வேணாமா, சரி. ஆடிட்டர் சார் நேத்து மெசேஜ் போட்டுருந்தாரு. ஒரு கம்பெனி ஃபைல்ல நான் தப்பு கண்டுபிடிச்சதப் பாராட்டினாரு. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். அந்த ஆபீஸ்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா, மூணாவது மாடி ஜன்னல். அதுலருந்து பார்த்தா மில் பஸ் எல்லாம் வரிசையாப் போறது தெரியும். காலேஜ்ல இருக்கப்பவும் அப்படித்தான். கிளாஸ்ல இருந்தே உங்க ஹாரன் எனக்குத் தெரியும். ரெண்டு சின்னது, ஒரு பெருசு. பக்கத்துல இருக்க பிள்ளைக கிட்ட எங்கப்பா போறாருன்னு சொல்லுவேன்.

இப்படி. இன்னும் நிறைய. ஐஸ் பையை மாற்றிக்கொண்டே. தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே. அவரோடு மொத்த வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை. சாப்டீங்களா, போயிட்டு வாரேன், வந்துட்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. அவரும் பேச்சில்லாதவர்.

தெருவில் இரண்டு பொம்பளைகள்:

"ஏ, இந்தப் புள்ளைக்கு இம்புட்டுப் பேச்சு வருமாடி?"

"சும்மா வா."

அந்த 'சும்மா வா' எனக்கு அப்போது புரியவில்லை.

குலவை தூரத்தில் போய், திரும்பி வந்தது. பாரிகளைக் கிணற்றில் கரைத்தாயிற்று. கோயில் முன்னால் பூசாரி காப்பை அவிழ்த்தார். வேட்டு. நான் பேசுவதை நிறுத்தினேன்.

வேட்டுப் புகை அடங்கவில்லை. அதற்குள் எங்கள் வாசலில் ஆட்கள். மஞ்சள் சேலையை மாற்றிக்கொண்டு பழைய சேலையில் வந்திருந்தார்கள். ஃப்ரீஸர் பெட்டி வண்டி தெருமுனையில் தயாராக நின்றிருக்கிறது. யாரோ மதியமே சொல்லி வைத்தது. பந்தல்காரன் நீர்மோர்ப் பந்தலைப் பிரித்து எங்கள் வாசலுக்குத் தூக்கி வருகிறான். செட்டு மேளக்காரர்களிடம் ஒருவர், "போயிராதீங்கப்பா, நாளைக்கும் வேலை இருக்கு" என்று சொல்கிறார். யாரும் எப்ப, எப்படி என்று கேட்கவில்லை. ஒருவர்கூட.

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நேற்றிலிருந்து. நான் பேசியதை எல்லாரும் கேட்டபடி நடந்திருக்கிறார்கள்.

அம்மா கடைசியாக வந்தாள். வெறுங்கையோடு. தலையில் பாரிச் சும்மாடு அப்படியே இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவளை இழுத்துக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினார்கள். அவள் உட்காரவில்லை. வாசலில் நின்ற முருகேசன் மாமாவைத் தேடினாள்.

"அண்ணே. இப்ப அழுகலாமாண்ணே?"

மாமா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், நிஜமாகவே பதில் வேண்டுமென்பது போல. ஜோதி அக்காதான் எழுந்து வந்து அவள் காலடியில் விழுந்து கத்தியது. முதல் அழுகை எங்கள் வீட்டில் அதனுடையது.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை.

வெள்ளி, ஏப்ரல் 18

நேற்று எடுத்தார்கள். மேலே சீரியல் செட் இன்னும் கழற்றவில்லை. அதற்கு அடியில்தான் பாடை போனது.

இன்று பெரிய வெள்ளி. பி.அக்கா வீட்டில் அடுப்பில்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. ஜோதி அக்கா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. பாத்திரம் எங்களுடையதில்லை, கழுவி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கணும்.

மின்விசிறி இன்னும் டக் டக்.

ஞாயிறு, ஏப்ரல் 20

ஈஸ்டர். எதிர் வீட்டுக்கு விருந்தாளிகள். பி.அக்கா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுவது கேட்கிறது.

காரியத்துக்கு நாள் குறிக்கப் பெரியப்பாவும் முருகேசன் மாமாவும் உட்கார்ந்தார்கள்.

"எந்த நாளுலருந்து எண்ணுறது?" என்றார் பெரியப்பா. அவருக்குத் தெரியாது.

மாமா தரையைப் பார்த்தார். நான் உள் கதவருகே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். செவ்வாய். ஒரே ஒரு சொல்.

"புதன்" என்றாள் அம்மா. "காப்பு அவுத்ததுக்கப்புறம்."

"அப்ப சாயங்காலம்" என்று பெரியப்பா எழுதிக்கொண்டார்.

அடுப்படிக்கு வந்தபோது அவளைக் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது, அது எனக்கே புதிது. "செத்த நாளக்கூட அவருக்குக் குடுக்க மாட்டீங்களாம்மா?"

அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஊருக்குப் புதன். வருசா வருசம் படையல் புதன்ல பாத்துப் போட்டுக்குவாங்க. நீ செவ்வாக்கெழமயக் கணக்கு வச்சு வெரதம் இரு. பொங்கல் வச்ச அன்னைக்கு. யாருட்டயும் சொல்லாத. கல்யாணமாகிப் போனாலும் இரு."

"நீ?"

"எனக்கு ரெண்டு நாளும்."

அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பழகின மாதிரி. நான் முந்தானையை இழுத்து வெளியே எடுத்தேன். "இப்ப அழுகலாம்மா, சத்தமா அழு" என்றேன். தலையை ஆட்டினாள். வரவில்லை. திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளியே பெரியப்பா, "சாப்பாடு ஆச்சா?" என்கிறார். வெஞ்சனத்துக்கு வாழைக்காய் நறுக்கணும்.